தனி அடுப்பு போல ஒரு தனிப் பேச்சு: புதிதாகக் கல்யாணமான கிறிஸ்தவத் தம்பதிகளுக்கு

கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, கல்யாணம் முடிந்து, மறுவீடும் போய் வந்து, ஆல்பம் கைக்கு வருவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும். "என்ன, விசேஷம் உண்டா?" கேட்பவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் பதில் சொல்ல வேண்டிய இரண்டு பேரும் அதைப் பற்றித் தங்களுக்குள் ஒரு தடவைகூடப் பேசியிருக்க மாட்டார்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். நிச்சயத்துக்குப் பிறகு ஐந்து மாதம் போனில் பேசினோம், சொந்தக்காரர்கள், சமையல், படித்த பள்ளிக்கூடம் என்று எல்லாம் பேசினோம். பிள்ளை எப்போது, எத்தனை, என் வேலை என்ன ஆகும், அவர் தலையில் கடன் எவ்வளவு என்பதை மட்டும் பேசவில்லை. அவருடைய தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு இன்னும் வட்டி போய்க்கொண்டிருக்கிறது என்பது எனக்கு ஏழாம் மாதம்தான் தெரிந்தது. அவர் மறைக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து பேச ஒரு நேரம் எங்களிடம் இல்லை, அவ்வளவுதான்.

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டில் பிறந்து ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். காரைக்குடிக்கு வந்து 16 வருடமாகிறது. எங்கள் பங்குக் கோவிலில் புதிதாகக் கல்யாணமாகும் பிள்ளைகளிடம் பேசச் சொல்லி அவ்வப்போது கூப்பிடுவார்கள். அங்கே சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன், அங்கே நேரமில்லாமல் விட்டுவிடுவதையும் சேர்த்து.

முதலில் ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரிச் சுவரில் சிவப்பு முக்கோணத்தைப் பார்த்து வளர்ந்த நமக்குக் "குடும்பக் கட்டுப்பாடு" என்றால் ஆபரேஷன்தான் ஞாபகம் வரும். நான் சொல்லும் குடும்பத் திட்டம் அதைவிடப் பெரியது. பிள்ளைகள், பணம், வேலை, பெற்றோர், கோவில், இந்த வருடம் நாம் எதற்கு முதலிடம் கொடுக்கப் போகிறோம் என்பது வரை எல்லாம் அதில் அடக்கம்.

ஆச்சி சொன்ன அடுப்பு

நாங்கள் முதலில் குடியிருந்தது ஒரு பெரிய செட்டியார் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில். வீட்டுக்கார ஆச்சி மதியத்தில் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். அவர்கள் வழக்கத்தில் மகனுக்குக் கல்யாணமானால் "வேறு வைப்பது" என்று ஒன்று உண்டு. வீடு ஒன்று, முகப்பு ஒன்று, வளவு ஒன்று. ஆனால் புதுத் தம்பதிக்குத் தனி அறை, தனி அடுப்பு, தனிச் செலவு. இவ்வளவு என்று கொடுத்துவிடுவார்கள், அதற்குள் குடும்பம் நடத்திக் கணக்கு எழுதிப் பழக வேண்டும். பெரியவர்கள் பத்தடி தூரத்தில்தான் இருப்பார்கள், கேட்டால் சொல்லிக் கொடுப்பார்கள், ஆனாலும் உலையில் என்ன அரிசி போடுவது என்பது அந்த இரண்டு பேர் பாடு. "சண்டை போட்டா வேறு வைக்கிறோம்? சண்டை வரக்கூடாதுன்னுதானே வைக்கிறோம்" என்றார்கள் ஆச்சி.

எனக்கு அது மனதில் தங்கிவிட்டது. நம்மில் பலர் மாமனார் மாமியாரோடுதான் இருக்கிறோம், இருக்கவும் வேண்டும். வீட்டை இரண்டாக்கச் சொல்லவில்லை. பேச்சுக்கு ஒரு தனி அடுப்பு வேண்டும் என்கிறேன். இருவரும் முதலில் தங்களுக்குள் பேசி, ஒரு முடிவுக்கு வந்து, அதற்குப் பிறகு பெரியவர்களிடம் போக வேண்டும். இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் மேற்படிப்பு படிக்கலாமா என்பதை அவர் முதலில் அத்தையிடம் கேட்டார், அத்தை மாமாவிடம் கேட்டார்கள், மாமா ஊரிலிருக்கும் தம்பியிடம் கேட்டார், என்னிடம் வந்து சேர்ந்தபோது அது முடிவாகிவிட்டிருந்தது. அந்த வருடம் படிப்பு போச்சு.

திட்டம் போடுவது விசுவாசக் குறைவு என்று நினைக்கும் பிள்ளைகளும் உண்டு. "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்பார்கள். பார்த்துக்கொள்வார்தான். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முன்னாலேயே உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று லூக்கா 14-இல் கேட்டவரும் அவர்தான். உபாகமம் 24-ஐயும் எடுத்துப் பாருங்கள்: புதிதாகப் பெண்ணைக் கட்டியவனை ஒரு வருடம் படைக்கு அனுப்பக்கூடாது, வேறு வேலையும் சுமத்தக்கூடாது, அவன் வீட்டில் இருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று நியாயப்பிரமாணமே சொல்கிறது. நமக்கு ஒரு வருட லீவு யாரும் தர மாட்டார்கள். மாதத்துக்கு இரண்டு மணி நேரம் எடுக்கலாமே.

நாள் குறிப்பது

"நேரம் கிடைக்கும்போது பேசுவோம்" என்று வைத்தால் பேசவே மாட்டீர்கள், இதை எழுதியே தருகிறேன். வருடத்துக்கு ஒரு நீண்ட நாள், மாதத்துக்கு ஒரு சின்ன நேரம், இரண்டையும் காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள்.

நீண்ட நாளுக்குப் பலர் டிசம்பர் கடைசியைத் தேடுவார்கள். எனக்கு அது சரிப்படவில்லை. பலகாரம், உறவினர் வருகை, கேரல், வருடக் கடைசி ராத்திரி ஆராதனை என்று உடம்பு ஓய்ந்துபோயிருக்கும். புது வருட வாக்குத்தத்த வசனத்தைக் கையில் வாங்கி, இரண்டு வாரம் அது மனதில் ஊறட்டும். அப்புறம் காணும் பொங்கல் வருகிறதா? அன்றைக்கு சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு எங்கள் தெருவில் பாதி கிளம்பிவிடும், மாமாவும் மச்சினர்களும் விடிகாலையிலேயே போய்விடுவார்கள். வீடு அப்படி அமைதியாக இருப்பது வருடத்தில் அந்த ஒரு நாள்தான். பல வருடமாக எங்கள் நாள் அதுதான். உங்கள் வீட்டில் எந்த நாள் அமைதியான நாள் என்று உங்களுக்குத்தான் தெரியும், பார்த்து எடுங்கள்.

மாத நேரத்தைச் சம்பளம் வந்தபின் வரும் முதல் ஞாயிறு சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம். சி.எஸ்.ஐ. சபைகளில் பலவற்றில் அன்றுதான் திருவிருந்து ஆராதனை, ஒப்புரவான மனதோடு வீட்டுக்கு வருவீர்கள். ஆர்.சி.காரர்களுக்கு முதல் வெள்ளி பூசை முடிந்து வரும் இரவும் நன்றாக அமையும். ஒன்றரை மணி நேரம் போதும், இரண்டைத் தாண்ட விடாதீர்கள்.

இடம்? வீட்டில் அறைக் கதவைச் சாத்தினாலே யாராவது தட்டுவார்கள் என்ற நிலை இருந்தால் முதல் தடவை வெளியே போங்கள். நாங்கள் ஓரியூருக்குப் போனோம். தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகப் போகலாம். போர்ச்சுகலிலிருந்து வந்த குரு, புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டப்பட்ட இடம். அவர் சாவுக்குப் பின்னால் ஒரு கல்யாண விஷயம் இருப்பது பலருக்குத் தெரியாது. மறவர் சீமைச் சிற்றரசர் தடியத்தேவர் ஞானஸ்நானம் வாங்கியபோது ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்கு உறவுக்காரப் பெண். அங்கே போன புகார்தான் புனிதரின் தலையில் வந்து முடிந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்பதற்காக ரத்தம் சிந்திய மண் என்று நாம் செம்மண்ணை எடுத்து நெற்றியில் வைக்கிறோம், நானும் வைப்பேன். கூடவே, அனுப்பப்பட்ட அந்தப் பெண்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா என்றும் ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன். என் கணவரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உன்னைக் கேட்காமல் இனிமேல் எதுவும் முடிவு செய்யவில்லை" என்றார். பேசி முடிவெடுப்பதை எழுதி வைக்க நாங்கள் ஒரு நோட்டு போட்டோம், அதன் முதல் பக்கத்தில் அந்த வரிதான் இருக்கிறது.

மானாமதுரைப் பக்கம் போக முடிந்தால் இடைக்காட்டூர் திரு இருதய ஆலயமும் நல்ல இடம். 1894-இல் கட்டிய கோதிக் கோவில், வார நாளில் போனால் கூட்டமே இருக்காது. அவ்வளவு தூரம் முடியாதென்றால் உங்கள் கோவில் வளாகத்து மர நிழலே போதும்.

நோட்டைத் திறப்பது

சின்ன ஜெபம். நீட்டி முழக்க வேண்டாம், இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு வாக்கியமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். போனை வேறு அறையில் வையுங்கள். வெறும் வயிற்றில் பேச ஆரம்பிக்காதீர்கள்; வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வைத்துக்கொண்டு பேசினால் பாதிக் கோபம் வராது.

அப்புறம் ஆளுக்கு ஒரு தாள். இருவரும் தனித்தனியாக, ஒருவரை ஒருவர் பார்க்காமல், இந்தக் கேள்விகளுக்கு எழுதுங்கள். போன வருடம் எனக்கு எது பாரமாக இருந்தது? இந்த வருடம் முடியும்போது நம் வீட்டில் எது மாறியிருந்தால் நான் ஆண்டவருக்கு நன்றி சொல்வேன்? உன்னிடம் சொல்லத் தயங்கிக்கொண்டிருப்பது என்ன? பதினைந்து நிமிடம். பிறகு தாளை மாற்றிக்கொண்டு மற்றவர் எழுதியதைச் சத்தமாக வாசியுங்கள். மனைவியின் கவலையைக் கணவன் தன் வாயால் வாசிக்கும்போது அது அவர் காதில் வேறு மாதிரி விழும். வாசித்து முடிக்கும் வரை விளக்கமும் கிடையாது, மறுப்பும் கிடையாது.

எழுதாமல் பேசினால் என்ன என்று கேட்பார்கள். நன்றாகப் பேசத் தெரிந்தவர் ஜெயித்துவிடுவார், அதுதான் பிரச்சினை. எங்கள் வீட்டில் பேசத் தெரிந்தவள் நான். அவர் எழுதிய பிறகுதான், என் அம்மா வீட்டுக்கு மாதம் இரண்டு தடவை போவது அவருக்கு எவ்வளவு தனிமையாக இருந்தது என்று எனக்குப் புரிந்தது.

இரண்டு தாளிலும் பொதுவாக இருப்பதை நோட்டில் ஏற்றுங்கள். வருடத்துக்கு மூன்று இலக்கு போதும். அளந்து பார்க்க முடிகிற மாதிரி எழுதுங்கள். "ஜெப வாழ்க்கையில் வளர வேண்டும்" என்று எழுதினால் டிசம்பரில் வளர்ந்தோமா என்று எப்படித் தெரியும்? "இரவு சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் குடும்ப ஜெபம், வாரத்தில் ஐந்து நாள்" என்றால் தெரியும். யார் செய்வது, எந்த மாதத்துக்குள் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

பிள்ளை பற்றிய பேச்சு

இதை முதல் உட்காரலிலேயே தொட்டுவிடுங்கள், முடிவு வராவிட்டாலும் பரவாயில்லை. எத்தனை, எப்போது என்பதற்கு முன்னால் "பிள்ளை வந்தால் என் நாள் எப்படி மாறும் என்று நீ நினைக்கிறாய்?" என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். ராத்திரி யார் எழுந்திருப்பது, வேலையை விட வேண்டுமா, பிரசவத்துக்கு அம்மா வீட்டில் எத்தனை மாதம், திரும்பி வந்த பிறகு யார் பார்த்துக்கொள்வது, எல்லாம் அதிலிருந்தே வரும்.

சீக்கிரம் வேண்டும் என்று முடிவெடுத்தால் அடுத்த வாரமே இருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ உங்கள் டாக்டரிடமோ போங்கள். ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு, ரத்த வகை, இவ்வளவாவது பார்த்துவிட வேண்டும். மனைவிக்கு நெகட்டிவ் ரத்த வகை என்றால் முன்னாலேயே தெரிந்திருப்பது மிகவும் முக்கியம். போலிக் அமில மாத்திரையைக் கரு தங்குவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும், பொதுவாக ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம். நாள் தள்ளிப் போன பிறகு தொடங்கினால் குழந்தையின் முதுகுத்தண்டு உருவாகும் முதல் வாரங்கள் அதற்குள் கடந்துவிடும். சொந்தத்தில் கட்டியிருந்தால் அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கரு தங்கியதும் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்கிவிடுங்கள், மகப்பேறு உதவித்தொகைக்கும் பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் அது தேவைப்படும்.

கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றால் இங்கேதான் சபைக்குச் சபை வழி பிரிகிறது. கத்தோலிக்கத் திருச்சபை 1968-இல் பாப்பரசர் ஆறாம் பவுல் வெளியிட்ட சுற்றுமடலின்படி, தகுந்த காரணம் இருந்தால் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட இயற்கை முறையை ஏற்கிறது, செயற்கைத் தடையை ஏற்பதில்லை. ஆங்கிலிக்கன் சபைகள் 1930 லம்பெத் மாநாட்டிலேயே ஒரு வரம்புக்குள் அதற்கு இடம் கொடுத்துவிட்டன. அந்த வழியில் வந்த சி.எஸ்.ஐ.யிலும் லூத்தரன் சபையிலும் இது தம்பதியின் மனசாட்சிக்கு விடப்பட்ட விஷயமாகத்தான் இருக்கிறது. என்னைப் போல இரண்டு சபை கலந்த கல்யாணமென்றால் இந்தப் பேச்சைத் தள்ளிப்போடவே கூடாது. எங்களுக்குள் வந்த முதல் பெரிய மனத்தாங்கல் இதில்தான். அவர் பாவம் என்று நினைத்ததை நான் சாதாரணமாக நினைத்தேன், அவருடைய பயத்தை நான் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன். பங்குத்தந்தையிடம் இருவரும் சேர்ந்து போய்ப் பேசினோம், ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். அதற்கப்புறம்தான் ஒருவர் மற்றவரைக் குற்றவாளியாகப் பார்ப்பது நின்றது.

இயற்கை முறை என்றால் "நாள் பார்ப்பது" என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டி காலத்து நாள் கணக்கு, மாதவிலக்கு ஒழுங்காக வராத பெண்ணுக்கு ஏமாற்றத்தில்தான் முடியும். கருப்பை வாய்ச் சளியின் மாற்றத்தையும் உடல் வெப்பத்தையும் தினமும் குறித்து, கரு தங்கக்கூடிய ஆறு நாள் அளவை அடையாளம் காண்பதுதான் முறை. கற்றுத் தருபவரிடம் சில மாதம் கற்க வேண்டும், கணவனும் கற்க வேண்டும். சுமையை மனைவி தலையில் மட்டும் வைத்தால் அந்த முறை நிற்காது. தாய்ப்பால் கொடுக்கும் காலம் பாதுகாப்பு என்பதும் பாதி உண்மைதான்: குழந்தைக்கு ஆறு மாதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் அதை நம்பாதீர்கள்.

மற்ற முறைகளை ஏற்கிறவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியிலேயே ஆணுறை, மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, பத்து வருடம் வரை இருக்கும் காப்பர்-டி எல்லாம் இலவசம். யாருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டு அக்கா சொல்லக்கூடாது. முதல் பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கருவுக்கு 24 மாதமாவது இடைவெளி விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். எத்தனையோ பெண்கள் உடம்பு தேறாமலேயே அடுத்ததைச் சுமப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், இந்த இடைவெளியைக் கணவன்மார் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

"விசேஷம் உண்டா" என்ற கேள்விக்கு ஒரே பதிலை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். எங்கள் பதில், "ஜெபம் பண்ணிக்கோங்க அத்தை, இருந்தா முதல்ல உங்ககிட்டதான் சொல்வோம்." இருவர் வாயிலும் இதே வாக்கியம். அதற்குமேல் கேட்டால் அவரவர் வீட்டாருக்கு அவரவர்தான் பதில் சொல்ல வேண்டும். மாமியாரிடம் மருமகளைத் தனியாக விட்டுவிட்டுக் கணவன் வாசலில் போன் பேசப் போகக் கூடாது.

ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் தங்கவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள், மனைவிக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே. இருவரும் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஆணுக்கான முதல் பரிசோதனை சுலபமானது, செலவும் குறைவு. இருந்தும் மனைவிக்கு ஸ்கேன், ஊசி என்று எல்லாம் செய்து பார்த்த பிறகுதான் கணவன் ஒத்துக்கொள்கிறார். உபவாச ஜெபத்தில் அவளை முன்னால் முழங்கால் போட வைத்து ஊரே ஜெபிக்கிறது, அவள் கண்ணீர் எனக்குத் தெரியும். ஜெபியுங்கள், கூடவே அவரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளை இல்லாமலே நிறைவாக வாழ முடியுமா, தத்து எடுப்பது பற்றி என்ன நினைக்கிறோம் என்பதையும் நோட்டில் ஒரு பக்கம் பேசி வையுங்கள்.

பணம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் பக்கத்தில் கடன். கல்யாணக் கடன், நகைக் கடன், கைமாற்று, சீட்டு பாக்கி, ஒன்று விடாமல் எழுதுங்கள், எதற்கு எவ்வளவு வட்டி என்பதோடு. வட்டி அதிகமானதை முதலில் அடையுங்கள். பர்மா, மலேயா என்று கடல் தாண்டிப் போய்க் கொடுக்கல் வாங்கல் செய்தவர்களின் ஊரில் இருக்கிறோம். பேரேடு எழுதாமல் ஒரு நாள்கூடத் தூங்கப் போகாதவர்கள் அவர்கள் என்பார்கள் ஆச்சி. நமக்குப் பேரேடு வேண்டாம், நாற்பது பக்க நோட்டு போதும்.

அடுத்து, காணிக்கை. தசமபாகமா, எவ்வளவு, எந்தச் சபைக்கு, கோவில் வரியும் சங்கச் சந்தாவும் அதற்குள்ளேயா வெளியேயா என்று பேசி முடிவெடுங்கள். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் கொடுப்பது நல்ல காரியம் போலத் தெரியும், கடைசியில் சண்டையில்தான் முடியும். இரண்டு வீட்டுப் பெற்றோருக்கும் மாதம் எவ்வளவு என்பதும் அதே பக்கத்தில் வரட்டும், இரண்டு வீடும்.

மூன்று மாதச் செலவுக்கான பணம் தனிக் கணக்கில் சேரும் வரை வேறு பெரிய இலக்கு வேண்டாம். உதாரணத்துக்கு வீட்டுச் செலவு மாதம் 20,000 என்றால் 60,000. மாதம் 2,500 போட்டால் இரண்டு வருடத்தில் சேர்ந்துவிடும். அஞ்சலக ஆர்.டி.யை (மாதாமாதம் போடும் தொடர் சேமிப்பு) 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். பெண் குழந்தை பிறந்தால் செல்வமகள் சேமிப்புக் கணக்கு, வருடம் 250 ரூபாய்கூடப் போதும், பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும். சீட்டு போடுவதானால் 1982 சிட்பண்ட் சட்டப்படி பதிவானதா என்று பாருங்கள். தெரிந்தவர் என்று நம்பி ஒரு பண்டிகைச் சீட்டில் நாங்கள் 18,000 விட்டோம், அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுக்கவில்லை.

கோவில் வேலையும் வீடும்

பாடகர் குழு, இளைஞர் சங்கம், பெண்கள் ஐக்கிய சங்கம், அன்பியம், ஞாயிறு பள்ளி, திருவிழாக் கமிட்டி என்று வாரத்தில் நான்கு ராத்திரி வெளியே இருக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஊழியம்தான், மறுக்கவில்லை. கல்யாணமான முதல் வருடம் ஆளுக்கு ஒரு பொறுப்பு போதும் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து போடுங்கள். பங்குத்தந்தையிடமோ ஆயரிடமோ (சபைப் போதகர்) உபாகமத்தைக் காட்டினால் கோபிக்க மாட்டார்.

ஒருவர் வெளிநாட்டில் இருந்தால்

சிவகங்கைச் சீமையில் எத்தனை வீட்டில் கணவன் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறார். மாத நேரத்தை வீடியோ அழைப்பில் வையுங்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது, துபாய் ஒன்றரை மணி நேரம் பிந்தி. நம் ஒன்பது மணி சிங்கப்பூரில் பதினொன்றரை, வேலை முடிந்து சோர்ந்துபோய் வந்தவரிடம் அந்த நேரத்தில் கடன் கணக்கு பேசாதீர்கள். நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து முன்னாலேயே அனுப்பிவிடுங்கள்.

லீவில் வரும்போது முதல் வாரத்தைச் சொந்தக்காரர் வீட்டு விருந்துக்குக் கொடுத்துவிட்டு, இரண்டாம் வாரத்தில் ஒரு முழு நாளை இருவருக்கென்று எடுங்கள். விமானம் ஏறப்போகும் முந்தின நாள் பேசினால் அழுகைதான் வரும். இன்னொன்று: வருடத்தில் முப்பது நாள் மட்டும் சேர்ந்திருக்கும் தம்பதிக்கு "ரெண்டு வருஷமாச்சு, ஒண்ணும் இல்லையே" என்று சொல்வது அநியாயம். அந்த இரண்டு வருடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது இரண்டே மாதவிலக்குச் சுற்று. டாக்டரிடம் போகும்போதும் இதைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தேவையில்லாத மருந்தில் போய் நிற்கும்.

பேச்சு சண்டையானால்

ஆகும். குரல் உயர்ந்தால் நோட்டை மூடிவிடுங்கள், அரை மணி நேரம் ஆளுக்கு ஒரு பக்கம் போங்கள், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். அன்றைக்கு முடியாவிட்டால் அடுத்த தேதியை எழுதிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். ஒரே விஷயம் மூன்று தடவை முட்டி நின்றால் ஆயரையோ, பங்குத்தந்தையையோ, இருவருமே மதிக்கிற ஒரு மூத்த தம்பதியையோ கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஒரு பக்கத்து உறவினரை நடுவராக வைக்காதீர்கள்.

அடி, மிரட்டல், பணத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்வது என்ற நிலை இருந்தால் இந்த வழிகாட்டி அந்த வீட்டுக்குப் பொருந்தாது. அங்கே நோட்டும் இலக்கும் வேலை செய்யாது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பொறுத்துப் போ மகளே என்று யார் சொன்னாலும், கோவிலிலேயே சொன்னாலும், கூப்பிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை

ஏப்ரல், ஜூலை, அக்டோபர். பழைய பக்கத்தைத் திருப்பி, நடந்ததற்கு நேரே ஒரு சின்னச் சிலுவைக் குறி போடுங்கள், நடக்காததற்கு நேரே ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். சில இலக்கை அடித்துவிட வேண்டியிருக்கும். அவருக்கு மஞ்சள் காமாலை வந்த வருடம் மூன்று இலக்கையும் அடித்துவிட்டு "அவர் எழுந்து நடக்க வேண்டும்" என்று ஒன்றே ஒன்று எழுதினேன்.

வருடத்துக்கு ஒன்றாகச் சேர்ந்த பதினாறு நோட்டும் பீரோவில் இருக்கின்றன. நான்காவது நோட்டில் மறுபடி என் படிப்பு வருகிறது, ஏழாவதில் முடிந்ததற்குக் குறி இருக்கிறது, அவர் கையால் போட்டது.